ஹைட்ரஜனுக்கு ஓர் உறைவிடம்

ஒரு பொருளை ஈட்டுவது ஒரு கலை. ஈட்டியதைக் காத்து வைப்பது மற்றொரு கலை. விளைந்த நெல்லுக்குக் குதிரும் பெய்த மழைக்கு ஏரியும் இல்லையேல், விளைச்சலாலும் மழையாலும் முழுப் பயன் விளையாது என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். இந்நாளில் விஞ்ஞானிகளை அலைக்கழிக்கும் பிரச்சினைகளுள் ஒன்றும் இத்தகையதே. ஹைட்ரஜன் என்னும் வாயுவை உண்டாக்க வழி தெரியும். அதை எரித்துப் பயன் கொள்ளவும் வழி தெரியும். இடையில் அதை எங்கே, எவ்வாறு வைத்திருப்பது? எளிதாகத் தோன்றும் இக்கேள்விக்கு விடை தேடிய வரலாற்றை நாம் இங்கே சிறிது காண்போம்.

ஹைட்ரஜனின் சிறப்பு யாது? அது எரிந்தால் நீராகிறது; கரியமில வாயு உண்டாவதில்லை. ஒரு கிலோகிராம் ஹைட்ரஜன் தரும் வெப்பம், ஒரு கிலோகிராம் பெட்ரோல் தரும் வெப்பத்தைப்போல் ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்கு. இனி அதன் குறை யாது எனில், அது அடைத்துக்கொள்ளும் இடமே. சாதாரண அழுத்தத்தில் அந்த ஒரு கிலோகிராம் வாயுவுக்கு 11,000 லிட்டருக்கும் மேற்பட்ட இடம் வேண்டும்.

டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம் இல்லங்களுக்கு வரும் சமையல் எரிவாயு உருளையை எண்ணிப் பார்ப்போம். அதனுள் இருப்பது 14.2 கிலோகிராம் எரிவாயு. வெற்று உருளையின் எடையும் ஏறத்தாழ அவ்வளவே. அந்த வாயு சிறிது அழுத்தினாலே திரவமாகிவிடும் இயல்புடையது. ஆதலால் சிறிய கலத்தில் பெரும் அளவு அடங்குகிறது. ஹைட்ரஜனின் இயல்பு வேறு. பூஜ்யத்திற்குக் கீழ் 240 டிகிரி சென்டிகிரேட் வரையில் குளிர்வித்தாலொழிய, எத்துணை அழுத்தினும் அது திரவமாகாது. வாயுமண்டல அழுத்தத்தைப்போல் 150 மடங்கு அழுத்தி அதை எஃகு உருளையில் அடைத்தாலும், மொத்த எடையில் ஹைட்ரஜனின் பங்கு நூற்றுக்கு ஒன்று என்னும் அளவிலேயே நிற்கிறது. நூறு மூட்டை சுமக்கும் வண்டியில் தொண்ணூற்றொன்பது வெறுஞ் சாக்கு என்றால் வணிகன் என்ன செய்வான்? அதுவே இங்கு விஞ்ஞானியின் நிலை.

ஹைட்ரஜனைத் தனியொரு வாயுவாக அளந்து விவரித்தவர் இங்கிலாந்தின் ஹென்றி கேவண்டிஷ். 1766இல் அவர் அதற்கு இட்ட பெயர் ‘எரியும் காற்று’. எரிந்தபின் அது நீராவதைக் கண்டு, நீரை உண்டாக்குவது என்னும் பொருளில் ஹைட்ரஜன் எனப் பின்னர்ப் பெயர் அமைத்தவர் பிரெஞ்சு அறிஞர் லவாசியே. 1783 ஆகஸ்டில் பாரிஸ் நகரில் பேராசிரியர் சார்ல்ஸ், ரப்பர் பூசிய பட்டுத் துணியாலான கூண்டில் இவ்வாயுவை நிரப்பி வானில் விட்டார். அது கொனேஸ் என்னும் சிற்றூரில் இறங்கியபோது, அங்கிருந்த மக்கள் அதை ஏதோ ஒரு பூதமெனக் கருதிக் கவைக்கோல்களால் குத்திக் கிழித்தனர். ஹைட்ரஜனைச் சுமந்து சென்ற முதற் கலங்களுள் ஒன்றின் முடிவு அதுவாயிற்று.

நூறாண்டுகளுக்கு மேல் கடந்து, 1898இல் லண்டனில் ஜேம்ஸ் டியூவர் ஹைட்ரஜனைத் திரவமாக்கிக் காட்டினார். அதற்கு வேண்டிய குளிர், பூஜ்யத்திற்குக் கீழ் 253 டிகிரி. திரவமானபின் இடம் வெகுவாகக் குறைகிறது. எனினும் அவ்வாறு குளிர்விப்பதற்கே அந்த ஹைட்ரஜன் தரக்கூடிய சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு செலவாகிறது. அது மட்டுமன்று, எத்துணைக் காப்பிட்ட கலமாயினும் வெளி வெப்பம் சிறிது சிறிதாக உட்புகுந்து, திரவம் நாள்தோறும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஆகவே, அழுத்துவதும் குளிர்விப்பதும் அல்லாத மூன்றாவது வழி ஒன்று உண்டா என்னும் எண்ணம் இயல்பாகவே எழுந்தது.

மூன்றாவது வழிக்கான குறிப்பு நெடுங்காலத்திற்கு முன்பே கிட்டியிருந்தது. 18ஆம் நூற்றாண்டின் எழுபதுகளில் ஸ்வீடனில் ஷீலே என்பவரும், இத்தாலியரான ஃபோன்டானா என்பவரும், நன்கு சுட்ட மரக்கரி தன் கனவளவைப்போல் பல மடங்கு காற்றைத் தன்னுள் வாங்கிக்கொள்வதைக் கண்டனர். 1866 முதல் சில ஆண்டுகள் தாமஸ் கிரஹாம் செய்த சோதனைகளில், பல்லேடியம் என்னும் உலோகம் தன் கனவளவைப்போல் பல நூறு மடங்கு ஹைட்ரஜனை விழுங்குவது வெளிப்பட்டது. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதைப் பின்வந்தோர் தெளிவுறுத்தினர். உலோகத்தினுள் ஹைட்ரஜன் அணு அணுவாகப் பிரிந்து, கல் நடுவே நீர் ஊறுவதுபோல் உட்புகுந்து தங்குகிறது. கரியிலோ மூலக்கூறுகள் பிரியாமல், சுவரில் தூசி படிவதுபோல் மேற்பரப்பில் மட்டுமே ஒட்டிக்கொள்கின்றன. இப் பரப்புக் கவர்ச்சிக்கெனத் தனிச்சொல் ஒன்றை 1881இல் ஜெர்மானியரான கைசர் வழங்கினார்.

உலோகத்திலிருந்து ஹைட்ரஜனை மீட்க வெப்பம் வேண்டும். உலோகமும் கனமானது, பல்லேடியமோ விலை மிக்கது. கரியில் ஒட்டிய ஹைட்ரஜனை மீட்க அழுத்தத்தைத் தளர்த்தினாலே போதும். கரி மலிவானது, இலேசானது. ஆகவே கரியின்பால் ஆராய்ச்சியாளர் மனம் சென்றதில் வியப்பில்லை.

டியூவரே 1904ஆம் ஆண்டையொட்டிக் கரியைக் கடுங்குளிரில் வைத்து, அது வாயுக்களை வாங்கும் ஆற்றல் பன்மடங்கு பெருகுவதை அளந்து வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்ட கரி, தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டு எடுத்த கரி என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. சிரட்டைக் கரி மிகுந்த நுண்துளைகளை உடையது. முதல் உலக யுத்தத்தில் விஷவாயுவைத் தடுக்கும் முகமூடிகளிலும் அது இடம்பெற்றது. காங்கேயம் வட்டாரத்தில் சிரட்டை சுடும் தொழிலைக் கண்டவர்கள், அக்கரி வெளிநாடுகளில் எத்தகைய நுட்பமான வேலைகளுக்கு உதவுகிறதென அறிவார்கள்.

நுண்துளை மிகுந்த பொருள் ஏன் மிகுதியாக வாயுவைப் பிடிக்கிறது? விடை பரப்பில் இருக்கிறது. ஒரு காகிதத்தை மடித்து மடித்துக் கைக்குள் அடக்கினாலும் அதன் பரப்பு குறைவதில்லை. கரியிலும் அவ்வாறே. கரியணுக்கள் ஒரே அடுக்காக அமைந்த தகடு ஒன்றைக் கற்பனை செய்துகொண்டால், அத்தகட்டின் ஒரு கிராமுக்கு இரு புறமும் சேர்த்து 2,630 சதுர மீட்டர் பரப்பு உண்டு. நம் ஊர்க் கணக்கில் 65 சென்ட் நிலம்! ஒரு சிட்டிகைக் கரிக்குள் வீட்டுமனைகள் பல அடங்கியிருக்கின்றன. அம்மனைகளில் ஹைட்ரஜன் மூலக்கூறுகள் குடியேறும் முறையை விளக்கும் விதிகளை 1916ஐ ஒட்டிய ஆண்டுகளில் லாங்மியூர் வகுத்தார். 1938இல் புரூனவர், எம்மெட், டெல்லர் என்னும் மூவர், அத்தகைய உட்பரப்பை அளக்கும் முறையை வகுத்துத் தந்தனர்.

1973இல் எண்ணெய் விலை ஏறி உலகம் தத்தளித்தபோது, பெட்ரோலுக்கு மாற்றாக ஹைட்ரஜனைக் கொள்ளும் எண்ணம் வலுப்பெற்றது. 1980இல் ஜெர்மனியில் கார்ப்பெட்டிஸ், பெஷ்கா என்னும் இருவர், திரவ நைட்ரஜனின் குளிரை ஒட்டிய நிலையில், அதாவது பூஜ்யத்திற்குக் கீழ் சுமார் 200 டிகிரியில், உயர்ந்தரகக் கரி தன் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் ஹைட்ரஜனைப் பிடிக்குமெனக் காட்டினர். அது மெய்யான, நிதானமான முன்னேற்றம். ஆனால் கார் ஓட்டுபவர் ஒவ்வொருவரும் கடுங்குளிர்ப் பெட்டி ஒன்றைச் சுமந்து செல்வது எங்ஙனம்? சாதாரண உஷ்ணநிலையிலேயே இவ்வளவு பிடிக்கும் கரி ஒன்று கிடைக்காதா என்பதே அனைவரின் ஏக்கமாயிற்று.

அந்த ஏக்கத்திற்கு விடைபோல் வந்தது கார்பன் நானோ குழாய். 1991இல் ஜப்பானின் சுகுபா நகரில் சுமியோ ஈஜிமா, கரியணுக்களாலான தகடுகள் சுருண்டு ஒன்றனுள் ஒன்றாக அமைந்த நுண்குழாய்களை எலெக்ட்ரான் நுண்பெருக்கியில் கண்டு அறிவித்தார். இத்தகைய குழல்களின் படத்தை 1952லேயே சோவியத் ஆராய்ச்சியாளர் இருவர் வெளியிட்டிருந்தும் உலகம் அதைப் பெரிதும் கவனிக்கவில்லை. 1993இல் ஒற்றைச் சுவருடைய குழாய்களும் கிடைத்தன. அவற்றின் குறுக்களவு தலைமயிரின் தடிப்பில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. உள்ளே வெற்றிடம், வெளியே பரப்பு, எடையோ மிகச் சொற்பம். ஹைட்ரஜனுக்கென்றே இயற்கை அமைத்த அறை இது எனப் பலர் எண்ணினர்.

1997 மார்ச்சில் அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து ஆய்வுக்கூடம் ஒன்றைச் சேர்ந்த டில்லன், ஹெபென் ஆகியோரின் குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. அவர்கள் சோதித்த கரிப்புகையில் நானோ குழாய்களின் பங்கு ஆயிரத்தில் ஒன்றிரண்டே. அதில் கிடைத்த மிகச் சிறிய அளவு ஹைட்ரஜனைக் கொண்டு கணக்கிட்டு, தூய குழாய்கள் மட்டுமே இருந்தால் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை பிடிக்கும் என்று அவர்கள் மதிப்பிட்டனர். இங்கே நாம் ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். அது அளந்த எண் அன்று. அளந்ததிலிருந்து கணக்கிட்ட எண். கட்டுரையாளர் அதை மறைக்கவில்லை. ஆயினும் செய்தி பரவுகையில் ‘இருந்தால்’ என்னும் சொல் மெல்ல நழுவிற்று. எண் மட்டும் நிலைத்தது.

அடுத்த ஆண்டு பாஸ்டன் நகரப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து இன்னும் வியப்பான செய்தி வந்தது. கரி நுண்ணிழைகளில் நூற்றுக்கு 67 பங்கு வரை ஹைட்ரஜன் அடங்குகிறது என்பது அச்செய்தி. இவ்வெண்ணின் பொருளைச் சற்றே ஆராய்வோம். கரியின் ஓர் அணுவுக்கு ஹைட்ரஜனின் 24 அணுக்கள் உடனிருந்தால்தான் இக்கணக்கு நேராகும். ரசாயனப் பிணைப்பால் கரியணு ஒன்று பெறக்கூடிய மிகுதியான ஹைட்ரஜனைப் பெற்ற மீதேன் வாயுவிலேயே, கரியணு ஒன்றுக்கு நான்கு ஹைட்ரஜன் அணுக்களே உள்ளன. 1999இல் சிங்கப்பூரிலிருந்து மற்றொரு குழு, லித்தியம் சேர்த்த குழாய்களில் நூற்றுக்கு 20 பங்கும் பொட்டாசியம் சேர்த்தவற்றில் 14 பங்கும் கண்டதாக அறிவித்தது. ஹைட்ரஜன் கார் நாளையே வீதியில் ஓடும் எனப் பலர் நம்பத் தொடங்கினர். நாடுகள் பணம் ஒதுக்கின. இளம் ஆராய்ச்சியாளர் பலர் தம் வாழ்வின் சிறந்த ஆண்டுகளை இதற்கெனக் கொடுத்தனர்.

ஆனால் இவ்வெண்களை வேறிடங்களில் திரும்பக் காண முயன்றவர்களுக்கு அவை கிட்டவில்லை. காரணத்தை உணர்வதற்கு, ஹைட்ரஜனை அளப்பதில் உள்ள இடரை நாம் அறிய வேண்டும். அளக்கும் வழிகள் பெரும்பாலும் இரண்டு. மூடிய கலத்தில் கரியை இட்டு, வாயுவின் அழுத்தம் எவ்வளவு குறைகிறதெனக் காண்பது ஒரு வழி. கரியின் எடை எவ்வளவு கூடுகிறதெனத் தராசில் காண்பது மற்றொரு வழி. முதல் வழியில், குழாய்ப் பொருத்தில் மயிரிழைக் கசிவு இருந்தாலும், கலத்தின் உஷ்ணம் சற்றே தணிந்தாலும், அழுத்தம் குறைந்துவிடும். வெளியே ஓடிய வாயு கரிக்குள் புகுந்ததாகக் கணக்கில் ஏறும். மாதிரியோ ஒரு கிராமிலும் குறைவாகவே இருப்பது வழக்கம். ஆகவே சிறு பிழையும் பெரிய சதவிகிதமாக வளரும். இரண்டாவது வழியில் ஈரம் பகையாகிறது. ஒரு நீர் மூலக்கூறு ஒன்பது ஹைட்ரஜன் மூலக்கூறுகளின் எடை உடையது. வாயுவில் எள்ளளவு ஈரம் கலந்திருந்தாலும், தராசு தண்ணீரையே ஹைட்ரஜனாகக் காட்டும்.

சிங்கப்பூர்ச் சோதனையில் நிகழ்ந்தது இதுவே என 2000ஆம் ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரால்ஃப் யாங் காட்டினார். ஈரத்தை நன்கு நீக்கிய ஹைட்ரஜனைக் கொண்டு அவர் அளந்தபோது, 20 என்றது 2.5 ஆகவும், 14 என்றது 1.8 ஆகவும் சுருங்கிற்று. மிகுந்திருந்த எடை, லித்தியமும் பொட்டாசியமும் ஈர்த்துக்கொண்ட நீரின் எடை. 2001இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஹிர்ஷரும் அவர் குழுவினரும் மற்றொரு மர்மத்தைத் துலக்கினர். குழாய்களைப் பிரித்துத் திறப்பதற்கு, டைட்டேனியக் கலப்புலோகத் தண்டு ஒன்றைக் கேளா ஒலியால் அதிரச் செய்யும் வழக்கம் இருந்தது. அத்தண்டு தேய்ந்து உதிர்ந்த உலோகத் தூள் கரியோடு கலந்து, ஹைட்ரஜனை வாங்கியது அத்தூளே என்பது வெளிப்பட்டது. கரியின் பங்கு நூற்றுக்கு ஒன்றினும் குறைவு.

அதே ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் டிப்பெட்ஸ் முதலானோர், ஒன்பது வகைக் கரிப் பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாக அளந்தனர். சாதாரண உஷ்ணநிலையில், 35 மடங்கு அழுத்தத்தில், அவற்றுள் எதுவும் நூற்றுக்குப் பத்திலொரு பங்கு ஹைட்ரஜனைக்கூடப் பிடிக்கவில்லை. அவ்வுஷ்ணநிலையில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்டதாகக் கூறப்படும் எண்களை ஐயத்தோடுதான் ஏற்க வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவின் சாரம். நம் நாட்டிலும் பெங்களூரில் சி. என். ஆர். ராவ் அவர்களின் குழுவினரும் சென்னை ஆய்வாளர்களும் சேர்ந்து பலவகைக் குழாய்களை உயர்ந்த அழுத்தத்தில் சோதித்து 2003இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்கள் கண்ட மிக உயர்ந்த எண்ணும் நூற்றுக்கு நான்கை எட்டவில்லை. 2006இல் அமெரிக்க எரிசக்தித் துறை, வேறு பொருள் கலவாத ஒற்றைச்சுவர்க் குழாய்களைக் கொண்டு வாகனங்களுக்கு ஹைட்ரஜன் சேமிக்கும் ஆராய்ச்சியை நிறுத்திவிடத் தீர்மானித்தது. சாதாரண உஷ்ணநிலையில் நூற்றுக்கு 6 பங்கு என்னும் இலக்கை அவை எட்டவில்லை என்பதே காரணம்.

இத்தோல்விக்கு இயற்கையிலேயே ஒரு காரணம் உண்டு. கரிப்பரப்பு ஹைட்ரஜனைப் பற்றும் பிடி மிகத் தளர்ந்தது. மோல் ஒன்றுக்கு நான்கு முதல் ஆறு கிலோஜூல் அளவே அதன் வலிமை. நாம் வாழும் உஷ்ணநிலையில் மூலக்கூறுகள் துள்ளித் திரியும் வேகத்திற்கு இப்பிடி ஈடு கொடுக்காது. ஒட்டிய மறுகணமே அவை பறந்துவிடும். கடுங்குளிரில் துள்ளல் அடங்குவதால் ஒட்டி நிற்கின்றன. சாதாரண உஷ்ணநிலையில் நிற்க வேண்டுமெனில் பிடியின் வலிமை சுமார் 15 கிலோஜூல் இருத்தல் நலம் என 2006இல் பாட்டியா, மையர்ஸ் என்னும் இருவர் கணக்கிட்டனர். அதனினும் மிகுந்தால் ஹைட்ரஜனை மீட்பது கடினமாகும். கையை இறுக மூடினாலும் பயனில்லை, அகல விரித்தாலும் பயனில்லை என்னும் நிலை இது.

கரிக்குழாய் கைவிட்ட இடத்தில் வேறொரு பொருள் முன்வந்தது. உலோக அணுக்களை மூலைக்கற்களாகவும் கரிமச் சேர்மங்களை உத்தரங்களாகவும் கொண்டு, கட்டடம்போல் அடுக்கப்பட்ட நுண்துளைப் பளிங்குகள் அவை. உலோக-கரிமச் சட்டகங்கள் என அவற்றை அழைக்கலாம். ஆஸ்திரேலியாவில் ராப்சன், ஜப்பானில் கிட்டகாவா, அமெரிக்காவில் யாகி ஆகிய மூவரும் இத்துறைக்கு அடிகோலினர். 2025ஆம் ஆண்டின் ரசாயன நோபல் பரிசு இம்மூவர்க்கும் வழங்கப்பட்டது. 1999இல் யாகி அறிவித்த ‘மாஃப்-5’ என்னும் பளிங்கில் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ ஓர் ஏக்கர் உட்பரப்பு உண்டென்று பின்னர் அளந்து கண்டனர். 2003இல் அது ஹைட்ரஜனைப் பிடிக்குமெனச் செய்தி வந்தபோது, இங்கும் அளவுகள் ஆய்வுக்கூடத்திற்கு ஆய்வுக்கூடம் முரண்பட்டன.

ஆனால் இம்முறை முரண்பாட்டின் முடிவு வேறாக இருந்தது. காற்றிலுள்ள ஈரம் பட்டால் அப்பளிங்கின் கட்டுக்கோப்பு குலைகிறது என்பதை 2007இல் நன்கு நிறுவினர். காற்றே படாமல் ஆக்கி அளந்தபோது, பூஜ்யத்திற்குக் கீழ் 196 டிகிரியில், 40 மடங்கு அழுத்தத்தில், நூற்றுக்கு ஏழு பங்கு ஹைட்ரஜனை அது பிடித்தது. முன்பு ஈரம் எண்ணை ஊதிக் காட்டிற்று. இப்போது ஈரம் எண்ணைக் குறைத்துக் காட்டியிருந்தது. கவனமாக அளந்தவர்கள் இரு பிழைகளையும் ஒரே முறையால் களைந்தனர். 2020இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஃபர்ஹா குழுவினர் ஆக்கிய சட்டகம் ஒன்று, 100 மடங்கு அழுத்தத்தில் அதே குளிரில் நிரப்பி, சற்று வெப்பமேற்றி அழுத்தம் தளர்த்தினால், நூற்றுக்கு 14 பங்கு ஹைட்ரஜனைத் திருப்பித் தருகிறது. குளிர் வேண்டும் என்னும் தடை மட்டும் இன்னும் நீங்கவில்லை.

ஆகவே வீதிக்கு வந்த வாகனங்கள் பழைய வழியையே மேற்கொண்டன. 2014 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா மிராய் காரில், கரியிழையால் வரிந்த உருளைகளில் ஹைட்ரஜன் 700 மடங்கு அழுத்தத்தில் அடைக்கப்பட்டது. சுமார் 87 கிலோகிராம் எடையுள்ள கலங்களில் அடங்கிய வாயு 5 கிலோகிராம். 2025 ஜூலையில் சென்னை இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் சோதிக்கப்பட்ட ஹைட்ரஜன் ரயில் பெட்டியும் அழுத்திய உருளைகளையே நம்பியது. நம் நாடு 2023 ஜனவரியில், 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் பசுமை ஹைட்ரஜன் உற்பத்தி செய்யும் இலக்குடன் தேசியத் திட்டம் ஒன்றை மேற்கொண்டது. உற்பத்தி பெருகப் பெருக, அதை வைக்கும் இடம் பற்றிய கேள்வியும் பெருகும். அடைக்கும் அழுத்தத்தைக் குறைத்தால் உருளையின் விலையும் விபத்தின் அச்சமும் குறையும் என்பதால், நுண்துளைப் பொருள்களைத் தேடும் முயற்சி வீண் முயற்சி ஆகாது.

நானோ குழாயின் கதையைச் சிலர் விஞ்ஞானத்தின் தோல்வி என்பர். நாம் அவ்வாறு கருதுவதற்கில்லை. பிழையான எண்களை வெளியிட்டதும் ஆய்வுக்கூடமே. அவற்றைத் திருத்தியதும் ஆய்வுக்கூடமே. ஈரத்தை நீக்கி மறுபடி அளந்தவர்களும், தண்டிலிருந்து உதிர்ந்த தூளைத் தேடிக் கண்டவர்களும் புதுப்பொருள் எதையும் உலகிற்குத் தரவில்லை. அவர்கள் பெயரும் செய்தித்தாளில் பெரிதாக வரவில்லை. எனினும், எந்த வழியில் செல்லலாகாது என்பதை அறிவித்து, செல்லத்தக்க வழிக்குப் பணத்தையும் உழைப்பையும் திருப்பியவர்கள் அவர்களே. கடைவீதியில் தராசு முள் நேராக நிற்கிறதா என நோக்குவது நம் வழக்கம். ‘இத்தனை சதவிகிதம்’ என்று ஒரு புதிய செய்தி நம்மை எட்டும்போதும் சில கேள்விகளைக் கேட்டுப் பழகுவோம்: எந்த உஷ்ணநிலையில்? எந்த அழுத்தத்தில்? அளந்த எண்ணா, கணக்கிட்ட எண்ணா? வேறொருவர் அளந்தும் அதையே கண்டாரா? இக்கேள்விகளுக்கு நின்று விடை சொல்லும் பொருள் ஒன்று கிடைக்கும் நாளில், ஹைட்ரஜனுக்கு உறைவிடம் கிடைத்துவிட்டது என்று நாம் மகிழலாம்.